நான்கு வருடச் சுத்தபோசனம்

புகழேந்தி ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். இறக்கினான். அதில் ஒட்டியிருந்த எண்ணைச் சீட்டில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்தான். மறுபடியும் தூக்கிப் பிடித்தான்.

"ஏம்மா, இவரு என்ன சாப்பிட்டுட்டு வந்தாரு?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க" என்றாள் ஃபிளோரா.

"டீ, காபி?"

"தண்ணிகூட இல்லைங்க."

அவன் குழாயை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அடியில் ரத்தம் கருஞ்சிவப்பாக இறங்கி நின்றது. தாங்கியில் இருந்த மற்றக் குழாய்களில் ரத்தத்துக்கு மேலே இளமஞ்சளாகத் தண்ணீர் தெளிந்திருந்தது. இதில் அந்த இடத்தில் பால் நின்றது. கறந்து கொஞ்ச நேரம் வைத்த பால் போல, மேலே தடிப்பாக ஒரு படலத்தோடு.

"இது என்னங்க?"

"கொழுப்பு."

"இவரு ரத்தத்துலயா?"

"பின்ன, எங்க வீட்டுலேர்ந்தா நான் கொண்டாந்தேன்?" என்றான். உடனே குரலை இறக்கிக்கொண்டான். "பத்து வருஷமா ரத்தம் எடுக்குறேம்மா. இந்த மாதிரி இவரோட சேத்து ரெண்டு பேருக்குத்தான் பாத்திருக்கேன்."

அந்த இன்னொருவர் என்ன ஆனார் என்று அவள் கேட்க நினைத்தாள். வெளியே பெஞ்சில் அவள் கணவன் எல்வின் முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தஞ்சாவூரில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் மையம் அது. எல்வின் நான்கு வருடமாக அங்கே மாதம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப்போகிறான். ஒரு வாரமாக அவனுக்குச் சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலி. வலி முதுகு வரை போனது. டாக்டரம்மா ரத்தத்தில் கொழுப்புப் பார்க்க எழுதிக் கொடுத்து, முதல்நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்றார். வெறும் வயிறு. மூன்று முறை சொன்னார்.

ஃபிளோரா விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு வாத்து முட்டையை அரைவேக்காடாக அவித்து, பாலில் நெய் ஊற்றி, அவனை எழுப்பிக் கொடுத்திருந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட அவள் ஒருநாளும் விட்டதில்லை. வயிற்றையா சோதிக்கப்போகிறார்கள், ரத்தத்தைத்தானே என்று அவள் நினைத்தாள். எல்வின், "டாக்டர் வேணாம்னாங்களே" என்றான். "அவங்க சொல்லுவாங்க, நீங்க குடிங்க" என்றாள். அவன் குடித்தான்.

இப்போது குழாயைப் பார்த்தபோது, காலையில் கொடுத்த பாலே அங்கே நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. பயத்தோடு ஒரு நம்பிக்கையும் வந்தது. அந்தப் பால்தான் இது என்றால் நாளைக்கு இருக்காது.

அவள் சைத்தூன் பீவியின் அறைக்குப் போனாள்.

சைத்தூன் பீவி அந்த மையத்துக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவள். நாகப்பட்டினத்துக்காரி. ஐம்பது வயது. புதிதாக வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, "நானும் உங்க ஆளுதான், பதினோரு வருஷமா" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்கும் பேச்சே வரும்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"ரத்தம் எடுக்குற தம்பிகிட்ட. காலையில அவருக்குக் குடுத்துட்டுத்தான் கூட்டியாந்தேன்."

"என்ன குடுத்தே?"

"ரெண்டு வாத்து முட்டை. பால்."

"வெறும் பாலா?"

"கொஞ்சம் நெய்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

ஃபிளோரா உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.

"இது சீக்காளிக்கு ஊத்துற கொஞ்சம் இல்ல புள்ள. மாப்பிள்ளை விருந்துக்கு ஊத்துற கொஞ்சம்." சைத்தூன் பீவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "தினமுமா?"

"தினமுந்தான். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஞாயித்துக்கிழமை கறி."

"எத்தனை நாளா?"

"மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து. நீங்கதானக்கா சொன்னீங்க."

சைத்தூன் பீவிதான் சொன்னாள். எல்வினை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இந்த அறையில் உட்கார வைத்த நாளில், வெறும் உடம்பில் மாத்திரையைப் போட்டால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டாள். முட்டை கொடு, பால் கொடு, உடம்பு ஏற வேண்டும் என்றாள். அப்போது அவன் எடை முப்பத்தேழு. மாதாமாதம் எடை ஏற ஏற, அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டினார்கள். சைத்தூன் பீவிதான் கைதட்டலை ஆரம்பித்து வைப்பாள்.

எல்வின் 1995இல் பூதலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஷார்ஜாவுக்குப் போனான். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் காலத்தில் வரவில்லை. அவன் வீட்டில் குறுவை போடவில்லை. ஏஜெண்டு கட்டட வேலை என்றான். எட்டு வருடம் சாரம் கட்டினான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோனான். 2003இல் விசாவைப் புதுப்பிக்க ரத்தம் எடுத்தார்கள். அன்ஃபிட் என்று ஒரு வார்த்தை சொல்லி, அறையில் இருந்த பெட்டியைக்கூட எடுக்க விடாமல் விமானத்தில் ஏற்றினார்கள். ஊரில் அவன் மஞ்சள் காமாலை என்று சொன்னான். இரண்டு வருடம் காமாலைக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிறகுதான் இங்கே வந்தார்கள். அன்றைக்கே ஃபிளோராவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தி ஐந்நூற்றுக்கு மேல் இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்தால் போதும் என்றார்கள். அதை அவள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள். ஒரு வீட்டில் ஒரு சீக்காளிதான் என்று வைத்துக்கொண்டு, தனக்கு ரத்தம் கொடுக்காமலே விட்டுவிட்டாள்.

சைத்தூன் பீவி சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் முட்டை, பால், மீன், பருப்பு. மறுபக்கம் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று எழுதி நெல்லிக்காய், முருங்கைக்கீரை, கொய்யா, தக்காளி.

"இந்தப் பக்கமும் சொன்னேன்ல. கீரை குடு, நெல்லிக்கா குடுன்னு. மருந்து தின்னுற உடம்பு துருப்பிடிக்காம இருக்க இதுதான்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"குடுத்தியா?"

"அதெல்லாம் வாய்க்கா கரையில சும்மா கெடக்குறதுக்கா. அதைப் போயி சீக்காளிக்கு எப்படிக் குடுக்குறது?"

"அப்ப அதை யாரு தின்னா?"

"நான்."

"நீ அது மட்டுமா தின்னே?"

சைத்தூன் பீவி ஃபிளோராவின் கையைப் பார்த்தாள். ரப்பர் வளையல் ஒன்று முழங்கைக்கு மேலே ஏறிப்போய் அங்கே நின்றிருந்தது. புடவைத் தலைப்பை அவள் எப்போதும் இழுத்துப் போர்த்தியிருப்பாள். இத்தனை மாதமும் அவள் எல்வினின் அட்டையைப் பிடித்துக்கொண்டு எல்வினுக்குப் பின்னால் நின்றாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

"ஏறு" என்றாள் சைத்தூன் பீவி, எடை மேடையைக் காட்டி.

"எனக்கு எதுக்குக்கா?"

"ஏறு புள்ள."

முள் முப்பத்துநாலில் நின்றது. சைத்தூன் பீவி அவளை இறங்கச் சொல்லி, தான் ஏறிப் பார்த்தாள். எந்திரம் சரியாக இருந்தது. மறுபடியும் ஃபிளோராவை ஏற்றினாள். முப்பத்துநாலு.

எல்வினின் அட்டை ஃபிளோரா கையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. முதல் வரியில் முப்பத்தேழு என்று எழுதியிருந்தது. சைத்தூன் பீவி அந்த வரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைவிட மூன்று கிலோ குறைந்த ஒருத்தி யார் கைத்தாங்கலும் இல்லாமல் பஸ் ஏறி வந்து தன் முன்னால் நிற்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"சொல்லு. என்ன பண்ணினே?"

ஃபிளோரா சொன்னாள். எல்வின் எடை ஐம்பதைத் தொடும்வரை தனக்குச் சுத்தபோசனம் என்று பூண்டி மாதா கோயிலில் நேர்ந்துகொண்டாள்.

"சுத்தபோசனம்னா?"

"தவக்காலத்து வெள்ளிக்கிழமை நாங்க கறி திங்க மாட்டோம்லக்கா, அது. நான் எல்லா நாளும்னு நேர்ந்துகிட்டேன். கறி, மீனு, முட்டை, பாலு, நெய்யி. சீக்காளிக்கு அந்த விரதமெல்லாம் கெடையாது. அவரு விட வேண்டியதையும் சேத்து நான் விட்டேன்."

"அவருதான் அன்பதைத் தாண்டி மூணு வருஷம் ஆச்சே. நாம கைதட்டினோமே."

"தாண்டினாரு. அதுக்கப்புறந்தானக்கா கன்னம் ஒட்ட ஆரம்பிச்சுது."

அது உண்மை. இரண்டாவது வருடத்தில் எல்வினின் கன்னங்கள் குழியத் தொடங்கின. நெற்றிப் பொட்டில் பள்ளம் விழுந்தது. கையிலும் காலிலும் நரம்பு கயிறு போலத் தெரிந்தது. வயிறு மட்டும் முன்னால் வந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உம் புருசனுக்குச் சோறு போடுறியா இல்லியாடி, மூஞ்சி கொட்டாங்கச்சி மாதிரி ஆயிருச்சு" என்றாள். பழைய சீக்குத் திரும்புகிறது என்று ஃபிளோரா பயந்தாள். ஒரு முட்டை இரண்டாயிற்று. கோழி முட்டை வாத்து முட்டையாயிற்று. அறுவடை முடிந்த வயலில் மேய்க்க வந்த வாத்துக்காரர்களிடம் குஞ்சு வாங்கி வளர்த்தாள். கன்னம் மேலும் ஒட்டியது. அவள் மேலும் கொடுத்தாள். நேர்ச்சையை முடிக்கவில்லை.

"எங்களுக்கு முப்பது நாள் நோன்பு. முப்பது முடிஞ்சதும் பெருநாள் வந்துரும்" என்றாள் சைத்தூன் பீவி. "உனக்கு எப்ப வரும்?"

அவள் ஃபிளோராவின் மணிக்கட்டைப் பிடித்து டாக்டரம்மாவின் அறைக்கு அழைத்துப்போனாள். எல்வினையும் உள்ளே கூப்பிட்டு, ஃபிளோரா அவனுக்குத் தினமும் கொடுப்பதையும் அன்று காலையில் கொடுத்ததையும் சொன்னாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். குழாயில் கண்டதைச் சீட்டில் படித்துவிட்டு எல்வினைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு அவன் கன்னத்தை இரண்டு விரலால் பிடிக்கப் பார்த்தார். பிடிக்கச் சதை இல்லை.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல" என்றாள் ஃபிளோரா. "எவ்வளவு குடுத்தாலும் ஏற மாட்டேங்குது."

"அது பசியால ஒட்டலைம்மா. நீங்க வாங்குற மாத்திரையில மூணு மருந்து கலந்திருக்கு. அதுல ஒண்ணு சிலருக்கு இப்படிப் பண்ணும். முகத்துல, கை கால்ல இருக்குற கொழுப்பைக் கரைச்சுரும். ரத்தத்துல கொழுப்பு ஏறும். வயித்துல சேரும்."

"சீக்கு திரும்பலையா?"

"இல்ல. அவரோட எதிர்ப்புச் சக்தி நல்லாத்தான் இருக்கு."

ஃபிளோரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் குடுத்ததெல்லாம்?"

"மருந்தும் ஒரு காரணம். நீங்க குடுத்ததும் ஒரு காரணம். காலையில சாப்பிட்டிருக்காரு, அதனால இந்த ரத்தத்தை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நாளைக்கு வெறும் வயித்துல எடுக்கணும். இல்லைன்னா இன்னிக்கே சேர்ந்துருங்க, அதுதான் நல்லது."

"வார்டு வேணாம் டாக்டர்" என்றான் எல்வின். "எங்க ஊருக்காரங்க யாராவது அங்க எப்பவும் படுத்திருப்பாங்க. என்ன சீக்குன்னு கேப்பாங்க."

"வலி இருக்கா?"

"இப்ப இல்லைங்க."

"வந்தா அந்த நிமிஷமே கிளம்பி வரணும். நாளைக்கும் ரத்தம் இதே மாதிரி இருந்தா நீங்க கேக்குறதை நான் கேக்க மாட்டேன். கணையம் வீங்கிரும். அதுல உயிர் போயிரும்."

பிறகு சைத்தூன் பீவி, "டாக்டர், இவளையும் பாருங்க. முப்பத்துநாலு கிலோ" என்றாள்.

எல்வின் திரும்பிப் பார்த்தான்.

"யாரு?" என்றான்.

அவர்கள் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். மாலை ஆறு மணிக்கு ஃபிளோரா அரிசிக் கஞ்சி வைத்தாள். முருங்கைக்கீரையை எண்ணெய் இல்லாமல் வேகவைத்தாள். எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அவன் முன்னால் இப்படி ஒன்றை அவள் வைத்ததில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

எல்வின் சாப்பிடவில்லை. "உன் தட்டை எடுத்துட்டு வா" என்றான்.

"நீங்க சாப்பிடுங்க. நான் பின்னாடி சாப்பிடுறேன்."

அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. 1997இல் லீவில் வந்தபோது ஆறு தட்டு வாங்கி அவன்தான் பெயர் வெட்டிக்கொடுத்தான். மேல்தட்டு அவனுக்கு முன்னால் தரையில் இருந்தது. மீதி ஐந்தில் முதலாவதை எடுத்தான். விரலை வைத்தான். விரல் போன வழியில் தூசியில் கோடு விழுந்தது. அடுத்ததை எடுத்தான். அதன் நடுவில் பல்லி முட்டை ஓடு ஒட்டியிருந்தது.

"எதுல சாப்பிடுற நீ?"

"சட்டியிலயே. ஒரு தட்டு கழுவுறது மிச்சம்."

"நான் சாப்பிட்டு எந்திரிச்சதும் நீ உக்காந்து சாப்பிடுவேன்னு நெனச்சேன்."

"சாப்பிட்டேன்ல."

"என்னத்தை?"

அவள் கீரைச் சட்டியைப் பார்த்தாள்.

நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறான். அவள் எதிரே நின்று பரிமாறுவாள். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி வைப்பாள். அவன் கைகழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவான். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்கும். அவள் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வான். ஒரு வாய் அவள் சாப்பிட்டு அவன் பார்த்த நாள் எது என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் அதே சீக்கு இருப்பதும், அது தன்னிடமிருந்து வந்ததும் அவனுக்குத் தெரியும். அதையும் எத்தனையோ நாளாக நினைக்கவே இல்லை.

தட்டைத் துடைத்து, தன் கஞ்சியில் பாதியை அதில் ஊற்றி, அவள் முன்னால் வைத்தான்.

"உக்காரு."

"வாத்தை அடைக்கணும்."

"அது தானா அடையும். உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கூடையில் மீதி இருந்த இரண்டு வாத்து முட்டையைக் காட்டி, "இதுல ஒண்ணை அவிச்சுத் தின்னு" என்றான்.

"நேர்ச்சைங்க."

"எனக்காகத்தான் நேந்துகிட்டே?"

"ஆமா."

"நாந்தான் சொல்றேன்."

"மாதாகிட்ட நேந்ததை நீங்க சொல்லி முடிக்க முடியாதுங்க." அவள் கஞ்சியை மட்டும் குடித்தாள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு வெள்ளையா இருக்காதுல்ல?" என்று கேட்டாள். "காலையில குடுத்த பாலுதான் அது. இல்லீங்களா?"

"பாப்போம்" என்றான் எல்வின்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஐந்தரை மணி பஸ்ஸில் போனார்கள். எல்வின் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஏழு ஐம்பதுக்குப் புகழேந்தி இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தான். ஒன்பது மணிக்கு ஃபிளோரா ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எல்வினின் குழாயில் மேலே நின்றது வெள்ளையாகத்தான் இருந்தது. முந்தின நாளை விடக் கொஞ்சம் மெலிவாக இருந்தது என்று புகழேந்தி சொன்னான். ஃபிளோராவின் குழாயில் மேலே இருந்தது தெளிவாக இருந்தது. அடியில் சிவப்பு கால் பங்குகூட இல்லை.

பதினொரு மணிக்கு முடிவு வந்தது. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு எல்வினுக்கு ஆயிரத்து நூற்று எண்பது. அவனை வார்டில் சேர்த்தார்கள். பதினாலாம் எண் கட்டில். வாய் வழியாக எதுவும் கூடாது என்று எழுதி, கையில் டிரிப் ஏற்றினார்கள். கொழுப்பு இறங்கியதும் அந்த ஒரு மருந்தை மாற்றித் தருவதாக டாக்டரம்மா சொன்னார். கன்னம் பழையபடி வருமா என்று ஃபிளோரா கேட்டதற்கு, முழுசாக வராது என்றார். இரண்டு கட்டில் தள்ளி அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் கால்கட்டோடு படுத்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். வயித்துவலி என்றான் எல்வின்.

பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஃபிளோராவுக்கு ஆறு புள்ளி நாலு. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்பது அடுத்த வாரம் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குச் சைத்தூன் பீவி கேண்டீனிலிருந்து இரண்டு இட்லியும் அவித்த முட்டை ஒன்றும் வாங்கிவந்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாள் ஃபிளோரா. சைத்தூன் பீவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். டிரிப் ஏறிக்கொண்டிருந்த எல்வின் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபிளோரா இட்லியைச் சாப்பிட்டாள். பிறகு முட்டையை உரித்துச் சாப்பிட்டாள். இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள்.

மாலை நான்கு மணிக்குக் கண்ணாத்தாள் போன் செய்தாள். வாத்துகள் ஏழு முட்டை இட்டிருப்பதாகவும், எடுத்துத் தன் வீட்டில் வைத்திருப்பதாகவும் சொன்னாள்.